பின்னமான கை

கோயில் கமிட்டித் தலைவர் ரமேஸுக்கு மைக் கிடைத்தால் போதும், கையில் உடுக்கை கொடுத்த மாதிரி. அன்றும் சந்தனமும் சென்டும் மணக்க, அவர் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. நிஷாந்தினி எரிச்சலோடு குத்துவிளக்கின் பக்கத்தில் நின்றாள். அந்தத் தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி டீச்சர் என்று, திருவிழா விளக்கை ஏற்ற அவளைக் கூப்பிட்டதே இந்தக் கமிட்டிதான்.

அவள் பூசாரியிடமிருந்து எரியும் திரியை வாங்கக் கை நீட்டியதும் ரமேஸின் பார்வை அந்த வலக்கையில் விழுந்தது. சின்ன வயதில் மாட்டுக்குப் புல் நறுக்கும் மெசினில் மாட்டி, இரண்டு விரல் போன கை.

"ஒரு நிமிசம்," என்றார் மைக்கிலேயே. "டீச்சர் கோவிச்சுக்கக் கூடாது. ஒடஞ்ச செலய நாம கும்புடுறதில்ல. சாஸ்திரத்துல அதுக்குப் பின்னம்னு பேரு. பின்னமான கையால வெளக்கேத்துனா தோட்டத்துக்கு ஆகாது."

கூட்டம் அவள் கையை எட்டிப் பார்த்தது. போன வருஷம் அவள் பட்டம் வாங்கியதற்கு இதே ரமேஸ் மாலை போட்டபோது படமெடுத்த அதே கூட்டம். முன்வரிசையில் இருந்த அம்மா கருப்பம்மா, "விட்டுட்டு வாடி" என்று சைகை காட்டினாள். அதுதான் நிஷாந்தினிக்கு அதிகமாகச் சுட்டது.

"தலைவரே, பின்னம்னா என்னன்னு தெரியுமா?"

"அதான் சொன்னேனே."

"அரைகொறையா சொன்னீங்க. அது வடமொழிச் சொல்லு. ஒடஞ்சது, பிரிஞ்சதுன்னு அர்த்தம். முழுசு ஒடஞ்சா துண்டு. அந்தத் துண்டுக்கும் மதிப்பு இருக்குன்னு சொல்றதுதான் பின்னக் கணக்கு. ஆறாம் வகுப்புப் புள்ளைக்குத் தெரியும். அரை, கால், முக்கால் எல்லாமே பின்னந்தான். அது ஆகாதுன்னா நேத்து பதுளையில இருந்து அரைப் போத்தல் சாராயம் ஏன் வாங்கிட்டு வந்தீங்க? முழுசா வாங்கியிருக்கலாமே."

கொழுந்து பறிக்கும் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. ரமேஸ் மைக்கைத் தட்டினார், ஏதோ மைக்தான் தப்புச் செய்தது போல.

"செலயப் பத்தி என்னமோ பேசிக்கங்க," என்றாள் அவள். "நா செல இல்ல. என்னயக் கும்புடச் சொல்லி யாரையும் கூப்புடவும் இல்ல."

பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலிருந்த திரியை அவளே எடுத்து, மூன்று விரலால் பிடித்து, ஐந்து முகத்தையும் ஏற்றினாள். தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆதரித்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான்.

வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா புலம்பினாள். "அந்தாளு மொகத்துல நாளைக்கு எப்புடி முழிக்கிறது?"

"முழிக்காத."

மறுநாள் லயத்தில் எல்லாக் காம்பரா வீடுகளுக்கும் ரமேஸ் கையாலேயே பிரசாதம் வந்தது, இவர்கள் வீட்டைத் தவிர. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். நிஷாந்தினி தலையைக்கூடத் திருப்பவில்லை. அந்தக் கையால் வரும் சர்க்கரைப் பொங்கல் அவளுக்கு எதற்கு?