அம்மன் கடக்கும் சடக்கு

எட்டாங்கட்டைத் தோட்டத்து ஜனங்களுக்குப் பண்டாரான் ஆபீசிலிருந்து, அதாவது நகர மன்றத்திலிருந்து, என்ன காகிதம் வந்தாலும், அது கோயிலை உடைக்கத்தான் என்று தோன்றிவிடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ரப்பர்ப் பால்மரம் போயிற்று, கம்பெனி போயிற்று, லயத்து வீடுகளும் போயின. ஈப்போவிலிருந்து செமோர் போகிற வழியில் நாலு வரிசை மலிவு விலை வீடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும்தான் மிச்சம். வீடுகளுக்காவது பத்திரம் உண்டு. கோயிலுக்கு அம்மனைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில், ‘புதிய சாலை, நிலப் பயன்பாட்டு மாற்றம், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தரவும்’ என்று நகர மன்றம் நோட்டீஸ் ஒட்டினால் என்ன ஆகும்? கோயில் தலைவர் உடையப்பன் முதல் வரியைப் படித்தார். கடைசி வரியைப் படித்தார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரைபடம் இருந்ததே, அதை அவரும் பார்க்கவில்லை, அவர் பின்னால் நின்ற நாற்பது பேரும் பார்க்கவில்லை.

“கோயில்ல கை வைக்கப் போறானுங்க” என்றார் உடையப்பன். “வீட்டுக்கு ரெண்டு ஆட்சேபப் பாரமாவது எழுதிப் போகணும். புஷ்பா எங்க?”

புஷ்பலதாவைத் தேடியதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தாமான் குடியிருப்பில் மலாய் எழுத்து அச்சு மாதிரி விழுவது அவள் கைக்குத்தான். கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, மூன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினாள். வாசகம் உடையப்பன் சொன்னது: ‘எங்கள் கோயிலை அகற்றக் கூடாது, அதற்கு இடையூறு செய்யக் கூடாது.’ ஆள் பெயரும் வீட்டு எண்ணும்தான் மாறும், மற்றது மாறாது. நூற்று நாற்பத்து மூன்று பாரம். கடைசியாகத் தன் பெயரிலும் கணவன் பெயரிலும் அதையே எழுதினாள்.

“ஒன் கையெழுத்தப் பாத்தா அந்த அம்மனே வந்து சைன் போட்டுரும்” என்று கிண்டல் செய்தான் கோகிலன், சக்கர நாற்காலியில் இருந்தபடி. அவள் கணவன். ஒரு காலத்தில் கோலா கங்சார் வரைக்கும் லோரி ஓட்டியவன். இனிப்பு நீர் வியாதி முதலில் இடது காலை வாங்கிக்கொண்டது, அப்புறம் சிறுநீரகத்தை. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறரைக்கு டயாலிசிஸ். அந்த நிலையம் இருப்பது கோயிலுக்குப் பின்னால், பழைய செம்மண் சடக்குப் பாதை போய் முடிகிற கடை வரிசையில். அரை கிலோமீட்டர் இருக்கும்.

அந்த அரை கிலோமீட்டரைக் கோகிலன் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போவான். புஷ்பலதாவைத் தொழிற்சாலை பஸ் ஆறு மணிக்கு முன்பே அள்ளிக்கொண்டு போய்விடும். யாராவது பின்னால் கை வைத்தால், “நான் என்ன பார்சலா?” என்பான். எல்லாம் போன மனுசனுக்கு அந்தச் செம்மண் சடக்குதான் மானம். புஷ்பலதாவுக்கு அது தெரியும், அதனால் அவள் ஒருநாளும் அந்த நாற்காலியைத் தள்ளியதில்லை.

பாரமெல்லாம் போய்ச் சேர்ந்து, கெடுவும் முடிந்து பத்து நாள் கழித்து, மன்றத்தின் திட்டப் பிரிவிலிருந்து விளக்கம் சொல்ல ஒரு பெண் வந்தாள். பெயர் புனிதா, வீடு ஈப்போவிலேயே சிலிபினில். முப்பது வயதுகூட இருக்காது. கோயில் மண்டபத்தில் பெரிய வரைபடத்தை விரித்து, “இங்க பாருங்க, ஒங்க கோயில் அப்படியே இருக்கு. வழிபாட்டு எடம்னே கலர் போட்டிருக்கோம். யாரும் தொட மாட்டாங்க” என்றாள்.

உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேளத்தை எடுக்கச் சொன்னார், கேசரி கிண்டச் சொன்னார். அத்தனை கலகலப்புக்கு நடுவில் புஷ்பலதா மட்டும் வரைபடத்தின் மேல் குனிந்தாள். கோயிலைக் கண்டுபிடித்தாள். கடை வரிசையைக் கண்டுபிடித்தாள். இரண்டுக்கும் நடுவில் விரல் போகிற வழியை ஒரு தடித்த சிவப்புக் கோடு வெட்டிக்கொண்டு போயிற்று.

“இது என்னம்மா?”

“அதான் ஆண்ட்டி புது சடக்கு. நாலு லேன். இந்தக் காலி நிலமெல்லாம் தொழில்பேட்டை ஆகுது, அதுக்கு லோரிங்க ஊருக்குள்ள வராமப் போக வழி.”

“நடந்து போறவங்க?”

புனிதா வரைபடத்தைப் பார்த்தாள். “நடுவுல தடுப்புச் சுவர் வரும். ட்ராபிக் லைட்டு வரைக்கும் போய்ச் சுத்தி வரணும். ரெண்டே கால் கிலோமீட்டர் இருக்கும்.”

புஷ்பலதா விரலைச் சிவப்புக் கோட்டிலேயே வைத்திருந்தாள். “இப்ப இத எதுத்து எழுதலாமா?”

“தேதி முடிஞ்சிருச்சே ஆண்ட்டி. குடுத்த பாரத்துல இருக்கறத வச்சுத்தான் விசாரணையில பேச முடியும். பாரத்துல என்ன எழுதியிருக்கு?”

என்ன எழுதியிருக்கிறது என்று புஷ்பலதாவைவிட யாருக்குத் தெரியும்? நூற்று நாற்பத்து மூன்று தடவை எழுதியவள் அவள்தானே. படிக்கத் தெரிந்தவள், மலாய் தெரிந்தவள், ஒரே ஒரு தடவை அந்த வரைபடத்தைப் பார்த்திருக்கக் கூடாதா? கேசரியைத் தொடாமல் தள்ளி வைத்தாள்.

கோகிலனிடம் சொல்ல அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. சொன்னபோது அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளை இன்னும் வாட்டியது. “ரெண்டே கால்தானே” என்றான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சொல்லாமல் கிளம்பிப் போய், தாமானை அத்தனை தூரத்துக்குச் சுற்றிவிட்டு வந்தான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

“முடியும் புஷ்பா” என்றான்.

அவள் மஞ்சள் மருந்தைத் தடவித் துணி சுற்றினாள். முடியாது என்று இருவருக்கும் தெரியும். அதில் ஒன்று ஊசி குத்துகிற கை. அதைத்தான் டாக்டர் கண்ணைப்போல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

விசாரணை நகரில், மன்றத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. நாற்பது பேர் பஸ் பிடித்துப் போயிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார அம்மா. ஓரத்தில் புனிதா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு ஆபத்தில்லை, உங்கள் ஆட்சேபம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, வேறு ஏதாவது உண்டா என்று அந்த அம்மா கேட்டார். உடையப்பன் இடுப்பு வளையக் கும்பிட்டார்.

புஷ்பலதா எழுந்தாள். மலாய் தடுக்கவில்லை.

“எங்கள் கோயில் வாசலோடு முடிந்துவிடவில்லை, புவான். திருவிழாவில் கரகக் குடம் அந்தச் செம்மண் சடக்கு வழியாகக் கடை வரிசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆற்றுக்குப் போய், தண்ணீர் மொண்டு திரும்ப வேண்டும். எடுத்தவர் நடுவழியில் திரும்பக் கூடாது. தரையில் இறக்கக் கூடாது. கிளம்பிய பிறகு குடம் கை மாறவும் கூடாது. கோயிலுக்கு இடையூறு வேண்டாம் என்று எழுதினோமே, அந்த வழியும் கோயில்தான்.”

அந்த அம்மா கவனமாகக் கேட்டார். “வருசத்துக்கு எத்தனை நாள்?”

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “ஒரு நாள்.”

“அப்படியானால் அந்த ஒரு நாள் போலீசை வைத்துச் சாலையை மூடிவிடலாமே.”

நியாயமான பதில். கெட்ட மனசோடு சொன்னதில்லை. அதற்கு மேல் என்ன பேசுவது? நூற்று நாற்பத்து மூன்று பாரத்தில் ஒன்றிலாவது கோகிலனின் சக்கர நாற்காலி இருந்தால் பேசலாம். புஷ்பலதா உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. உடையப்பன் எழுந்திருந்தார். அரைகுறை மலாயில், “மூணு நாள், புவான்” என்றார்.

“வருசத்துக்கு மூன்று நாளா?”

“வாரத்துக்கு. திங்கள், புதன், வெள்ளி. காலையில ஆறு மணிக்கு.”

முப்பது வருசத் தலைவர் பதவியில் அன்றுவரை கோயில் விஷயத்தில் அவர் பொய் சொன்னதே இல்லை. மற்ற விஷயத்துக்கெல்லாம் நான் சத்தியம் பண்ண முடியாது. வந்திருந்த நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, வருகிற புதன்கிழமை அதிகாரி நேரில் பார்த்து அறிக்கை தரட்டும் என்றார்.

வெளியே வந்ததும் புஷ்பலதா அவர் முன்னால் போய் நின்றாள். “என்னாண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க?”

“வாயில வந்துருச்சு லா” என்றார் உடையப்பன். அப்புறம் குரலை இறக்கினார். “பாரத்துக்கு வாசகம் சொன்னது நான். நீ கைதான் குடுத்த. பத்து நாளாச்சு, கோகிலன் கையப் பாத்ததுலருந்து ஒன் மொகத்தப் பாக்க முடியல எனக்கு.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளும் தானொருத்திதான் தூங்காமல் கிடந்தோம் என்று நினைத்திருந்தாள்.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். ஆறு மணிக்குக் கோயில் வாசலில் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். திருவிழாவுக்குக்கூட அந்த நேரத்துக்கு வந்து சேராதவர்கள். உற்சவ மூர்த்தியை இதற்கெல்லாம் வெளியே எடுக்க மாட்டேன் என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு சின்னப் பித்தளைக் குடத்துக்கு வேப்பிலை கட்டி, பொட்டு வைத்துக் கொடுத்தார். உடையப்பன் அதைக் கொண்டுவந்து கோகிலன் மடியில் வைத்தார்.

“அண்ணே, நான் டயாலிசிஸ்க்குப் போறவன்.”

“ஆத்தாவும் இன்னிக்கு அங்கதான் போறா. போ.”

“தலையில இல்ல வைக்கணும்?”

“மடியில வைக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. போடா.”

மேளம் முன்னே போயிற்று. கோகிலன் சக்கரத்தைத் தள்ளினான். காய்ந்தும் காயாத உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. புஷ்பலதா பின்னால் நடந்தாள். பள்ளம் வந்த இடத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, அவள் கை தானாக நீண்டு, பாதியில் நின்றுகொண்டது.

கடை வரிசை முனையில் புனிதா அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தாள். மேளம் ஓய்ந்தது. உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ ஆரம்பிப்பதற்குள் கோகிலன் முந்திக்கொண்டான்.

“இது ஊர்வலம் இல்லம்மா. ஆத்தா என் மடியில இருக்கும்போது எனக்குப் பொய் வராது. நான் டயாலிசிஸ்க்குப் போறேன். இவங்க எனக்காக வந்திருக்காங்க.”

உடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்றுதான் புஷ்பலதாவும் நினைத்தாள்.

“தெரியும் அங்கிள்” என்றாள் புனிதா. “நான் திங்கக்கிழமையே வந்துட்டேன். அந்தக் கடை ஓரமா ஆறுலருந்து எட்டு மணி வரைக்கும் நின்னு எண்ணுனேன். அறுபத்திரெண்டு பேரு இதுல நடந்து போனாங்க. வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. ஒரு சக்கர நாற்காலி. அந்தப் பள்ளத்துல மாட்டுனப்ப ஒதவிக்கு வந்தேன், நீங்க என்னை ஏசுனீங்க.”

கோகிலன் உற்றுப் பார்த்தான். “அது நீயா?”

“நான்தான். பார்சலான்னு கேட்டீங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உடையப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “அப்ப ஊர்வலம்னு எழுதலியாம்மா?”

“இல்ல அங்கிள். ஆளுங்க தெனம் நடக்கற வழின்னு எழுதுனேன். அந்த வழியும் கோயில்தான்னு ஆண்ட்டி அன்னிக்குச் சொன்னாங்கல்ல, அதனால ஒங்க பாரத்துக்குள்ளயே சேக்க முடிஞ்சிச்சு. சிக்னல் வச்சு ஆள் கடக்கற எடம் கேட்டு நேத்தே ரிப்போர்ட் அனுப்பிட்டேன். முடிவு சொல்ல வேண்டியது மேல உள்ளவங்க.”

மேல உள்ளவர்கள் முடிவு சொல்ல நாலு மாதம் ஆயிற்று. திருத்திய வரைபடம் நோட்டீஸ் பலகைக்கு வந்த அன்று புஷ்பலதா எழுத்தையே படிக்கவில்லை, நேரே படத்துக்குத்தான் போனாள். சிவப்புக் கோட்டுக்குக் குறுக்கே, சுண்டுவிரல் நக அளவுக்கு, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் அது பிற்பாடு.

அந்தப் புதன்கிழமை மணி ஆறரை ஆகிக்கொண்டிருந்தது. கோகிலனுக்கு இயந்திரம் காத்திருந்தது. மடியில் குடம். ஆற்றுக்குப் போக நேரமில்லை. நடுவழியில் திரும்பக் கூடாது, தரையில் இறக்கக் கூடாது, கை மாறக் கூடாது. விசாரணையில் எழுந்து நின்று சொன்னவள் அவளேதான்.

“இப்ப என்னாங்க பண்றது?” என்றாள்.

“வேற என்னா பண்றது? ஆத்தாவும் வரட்டும்.”

டயாலிசிஸ் நிலையத்துத் தாதி குடத்தைப் பார்த்தாள், கோகிலனைப் பார்த்தாள், ஒரு கையில் ஊசியைக் குத்தி இயந்திரத்தை ஓடவிட்டாள். மற்றக் கையால் அவன் மடியில் இருந்த குடத்தைப் பிடித்துக்கொண்டான். புஷ்பலதா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருசத்தில் அவனோடு நாலு மணி நேரமும் அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ரத்தம் குழாய் வழியாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதை முடித்துவிட்டா இந்த மனுசன் தானே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சோறு வடித்து வைத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மணி நேரத்தில் கோகிலன் கண் அசந்தான். விரல்கள் தளர்ந்து குடம் மெதுவாகச் சாய்ந்தது. குடத்தைத் தொடக் கூடாது. அவன் கையைத் தொடலாம். புஷ்பலதா துணி சுற்றிய அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, அவன் விழிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.