ஒரே முகவரியில் இருபத்து மூன்று பேர்

என் பட்டியலில் இருபத்து மூன்று பேருக்கு ஒரே மெயில் ஐடி. பெயர் வேறு, வயது வேறு, படிப்பு வேறு. முகவரி மட்டும் ஒன்று. லோகு என்று ஆரம்பித்து 77 என்று முடிகிறது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஸ்ரீரங்கன். அஸ்தினாபுரத்தில் வீடு, கிண்டியில் ஆபீஸ். இரண்டாயிரத்து ஆறில் சொந்தமாக ஒரு வெப்சைட் ஆரம்பித்தேன். அதில் பெயரும் மெயில் ஐடியும் பதிந்தவர்களுக்கு, அரசு வேலை அறிவிப்புகளைப் பேப்பரிலிருந்து பொறுக்கி ஞாயிறுதோறும் இலவசமாக அனுப்புவேன். வீட்டில் ஃப்யூஸ் போன பல்பை மாற்ற நேரமில்லை, ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தருகிறாராம் என்று என் மனைவி அபிதகுஜாம்பாள் குத்திக் காட்டுவாள். ஐந்து மாதத்தில் அறுபத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் மைத்துனர்கள்.

எல்லாருக்கும் போவது ஒரே மடல்தான். ஆனால் மேலே அவரவர் பெயர் தானாக விழும்படி செய்திருந்தேன். 'அன்புள்ள இன்னார், உங்களுக்காக ஒரு வேலை வந்திருக்கிறது' என்று ஆரம்பிக்கும். பெயரில்லாமல் மொட்டையாகப் போனால் யார் படிப்பார்கள்? அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை.

மே மாதக் கடைசி ஞாயிறு, மடலை அனுப்பிவிட்டுப் பார்த்தால், அந்த ஒரு வாரத்தில் மட்டும் இருபத்து மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். முதல் பெயர் ஜெயப்ரியா. இரண்டாவது நிஷா. நிஷா மட்டும் கீழே குறிப்பும் எழுதியிருந்தாள். பிளஸ் டூ பாஸ், ஜூலை வந்தால் முப்பது முடிகிறது, அப்புறம் எதற்கும் போட முடியாதாமே, அதற்குள் ஏதாவது வருமா என்று கேட்டிருந்தாள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. 'கட்டாயம் வரும் அம்மா, வந்த ஞாயிறே உங்களுக்கு எழுதுவேன்' என்று பதில் போட்டேன்.

மறுநாள் பட்டியலை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் யூனிஸ் பார்த்து மெச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் மெச்சவில்லை. அந்த ஒரே ஐடியைக் கண்டுபிடித்துக் காட்டியதே அவன்தான்.

"எவனோ உக்காந்து வெளையாடறான் சார். எல்லாம் டூப்ளிகேட். அதைத் தூக்க ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிடுங்க."

டூப்ளிகேட் என்றால் நம் ஊரில் போலி என்றுதானே அர்த்தம்? போலி டாக்டர், போலி சர்ட்டிபிகேட், இப்போது போலி நிஷா. அந்த முப்பது வயதுக் கதையும் பொய்தானா, அதற்கா நான் உருகினேன் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு முதல் வேலையாகப் பட்டனை அமுக்கினேன். முதலில் சேர்ந்த ஜெயப்ரியாவை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருபத்திரண்டு பெயரையும் அது துடைத்துவிட்டது.

அன்றைக்கு அனுப்பிய அறிவிப்பு இது: பதிவறை உதவியாளர், நாற்பது இடம், பிளஸ் டூ போதும், ஜூன் முப்பதில் முப்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. கடைசித் தேதி ஜூன் பதினாறு, வெள்ளிக்கிழமை.

போன் பில்லுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நெட்டில் உட்காருவேன். பதினெட்டாம் தேதி திறந்தபோது அந்த லோகு 77-இலிருந்து ஒரு மெயில் ஆறு நாளாகக் காத்திருந்தது. 'சார் நான் லோகு, பிரவுசிங் சென்டர். ஜெயப்ரியாவுக்கு மட்டும் வந்துகீது. நிஷா அக்கா டெய்லி வந்து கேட்டுகினு கீது. இன்னா சொல்றது?' கீழே கடை முகவரியும் இருந்தது.

அப்படியானால் நிஷா நிஜமா? நிஜமென்றால் அவள் மெயில் இவனிடம் எதற்குப் போகிறது? ஒன்றும் விளங்காமல் இரண்டு பஸ் மாறிப் பனையூர் தாண்டி இறங்கினேன். கடலை ஒட்டிய குப்பம். லோகு தன் வீட்டு முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டிருந்தான்.

"பி.பி. நம்பர் மாதிரிதான் சார்," என்றான். "இங்க யாருக்கும் மெயில் இல்ல. அதான் என்னுதக் குடுத்துகினாங்க. பேரப் பாத்து பிரிண்ட் எடுத்து அவுங்கவுங்க வூட்ல குடுத்துருவேன்."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. என் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்ததே எதிர்வீட்டு போன் நம்பர்தான். பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருந்தோம். போன் வந்தால் எதிர்வீட்டு மாமி ஜன்னலில் நின்று கூப்பிடுவாள். அதையெல்லாம் மறந்துவிட்டு இவர்களைப் போலி என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் விடாமல், ஜெயப்ரியாவின் மடலை நிஷாவிடம் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். "உங்களுக்காக ஒரு வேலைன்னு ஜெயப்ரியா பேர் போட்டு வந்துகீது. அடுத்தவங்களுக்கு வந்த வேலைய எப்டி சார் இவங்களுக்குக் குடுக்கறது?"

ஜெயப்ரியா விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

லோகு ஆள் அனுப்ப, மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நிஷா வந்தாள். பர்சிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். நான் எழுதிய பதில்தான். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இத்த நம்பித்தான் சார் இருந்தேன். எனக்கு ஏன் சார் அனுப்பாம வுட்டீங்க? நான் எதுனா தப்பா எழுதிட்டேனா?"

டூப்ளிகேட் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? தப்பு என்னுடையது அம்மா என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டு அவள் இன்னும் குழம்பிப் போய் லோகுவைப் பார்த்தாள்.

அடுத்தது ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. இருபத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தேன். அந்த வாரம் ஏழு அறிவிப்புகள். நாலு முறை புரட்டிவிட்டேன், நிஷாவுக்கு ஆகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு அவளுடையதை மட்டும் நிறுத்திவைத்தேன். 'அன்புள்ள நிஷா, உங்களுக்காக ஒரு வேலை வந்திருக்கிறது' என்று அது தானாகவே எழுதியிருந்தது. அவள் பெயரை விட்டுவிட்டு மீதியை அழித்தேன். அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதை எழுதினாலும் லோகு அதைப் பிரிண்ட் எடுத்து அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான்.