கீரை தின்றும் ஏறாத ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்ததும் சந்திரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் எட்டு புள்ளி நாலு. இந்த மாதமும் அதே எட்டு புள்ளி நாலு. ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி ஏறினால் குறைந்தா போய்விடும்? மகள் சுஜிதாவுக்கு அவள் ஒரு மாதமாக ஆக்கிப் போட்ட கீரைக்கு ஒரு எருமைமாட்டுக்கே ரத்தம் ஊறியிருக்கும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளை. எட்டாவது மாதம். "அடுத்த தடவையும் பத்தைத் தொடலைன்னா ரத்தம் ஏத்தணும்க்கா. பிரசவத்துக்கும் தேனி பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதுவோம்" என்று நர்ஸ் ரேணுகா சொன்னதும் சந்திரவல்லி மகள் பக்கம் திரும்பினாள். பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்குவதற்கு இந்த உடம்பில் என்ன இருக்கிறது?

"ஏண்டி, உண்மையச் சொல்லு. நான் சோலிக்குப் போனதும் கீரைய ஆட்டுக்குப் போட்டுடுறியா?"

"ஐயோ, சாப்புடுறேன்மா."

"சாப்புட்டா எங்கடி போகுது அம்புட்டும்?"

சுகாதார நிலையத்தில் வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் பட்ட பாடு இவர்களுக்கு என்ன தெரியும்? போடியில் ஏலக்காய் மூட்டைகளைச் சேமிக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற வேலை. ஒன்பது மணிக்கு அங்கே உட்கார வேண்டும். அதற்குள் முருங்கைக்கீரையை உருவி, ஆய்ந்து, வதக்கி வைத்துவிட்டு ஓடுவாள். இதில் ஊரார் யோசனை வேறு. பக்கத்து வீட்டு வேலுத்தாய் பீட்ரூட் என்றாள். மருமகன் ராம்பிரசாத் போனில் கேரட் என்றான். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே வலிக்கும்! எல்லாவற்றையும் வாங்கிச் சுமந்தவள் இவள்.

"பீட்ரூட்டு செவப்பா இருந்தா ரத்தமாயிடுமாக்கா?" என்று ரேணுகா சிரித்தாள். "அதுல இருக்குறத விட முருங்கைக்கீரையில இரும்புச்சத்து எவ்வளவோ கூட. நீங்க நல்லாத்தான் குடுத்திருக்கீங்க. அப்புறம் ஏன் ஏறல? மத்தியானச் சாப்பாட்ட ஒண்ணு விடாமச் சொல்லுங்க பாப்போம்."

"சோறு, பருப்பு, ஒரு கிண்ணம் கீரை, பீட்ரூட் பொரியல், நீங்க குடுத்த இரும்பு மாத்திரை" என்று விரல் மடக்கினாள் சந்திரவல்லி. "சாப்புட்ட கையோட ஒரு பெரிய டம்ளர் டீ. கிட்டங்கியில வெடிச்ச ஏலக்காயி குடுப்பாக. அதத் தட்டிப் போட்டு, தூளு தூக்கலா, பிளாஸ்க்குல ஊத்தி வச்சுட்டுத்தான் போவேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அப்படித்தான்."

"மாத்திரைய எதுல முழுங்குற?" என்று சுஜிதாவிடம் கேட்டாள் ரேணுகா.

"டீயிலதான்" என்றாள் சுஜிதா, தலையைக் குனிந்துகொண்டு.

ரேணுகா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! சோத்தோட டீயக் குடிச்சா கீரையில உள்ள இரும்புல பெரும்பங்கு உடம்புல சேராதுக்கா. மாத்திரைக்கும் அதே கதைதான்."

"ஏலக்காய் குளிர்ச்சிதானே, அது என்ன பண்ணுச்சு?"

"ஏலக்காய்மேல குத்தமில்ல. வில்லங்கம் டீத்தூள்லதான். சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரத்துக்கு டீயக் கண்ணுல காட்டாதீக. கீரையில எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு விடுங்க, நல்லா சேரும்."

ஒரு மாதம்! ஒரு கையால் ஊட்டி மறு கையால் பிடுங்கியிருக்கிறாள். சந்திரவல்லிக்குத் தன் தலையிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் கோபம் பழகிய பக்கமே திரும்பியது.

"நீ ஏண்டி அதக் குடிச்ச? வேணாம்னு சொல்ல வாயில்லையா?"

சுஜிதா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"மாசமானதுலருந்து எனக்கு டீ வாடையே ஆகலம்மா. கொமட்டும். நீ சாயங்காலம் வந்ததும் பிளாஸ்க்கத் தூக்கிப் பாப்ப. மிச்சம் இருந்தா வீடே அதிரக் கத்துவ. அதான் மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்."

சந்திரவல்லி பிள்ளையின் வெளுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

"இனிமே எது புடிக்கலைன்னாலும் என்கிட்டச் சொல்லணும், கேட்டியா?"

அது கத்தலாகத்தான் வந்தது. சுஜிதா தோளைக் குறுக்கிக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா" என்றாள் அவசரமாக. அவள் பயந்துபோய்த்தான் சொல்கிறாள் என்பது சந்திரவல்லிக்கு இப்போது தெரிந்தது.