இருநூற்று நாற்பதாவது அட்டை

தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் புத்தாண்டு ஆராதனை முடிந்து சபையே கேக் தின்றுகொண்டிருந்தபோது, லாயிட்டை மட்டும் போதகர் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார் செயலாளர் டெஸ்மண்ட்.

மல்லேஸ்வரத்தில் அச்சகத் தொழிலாளியான லாயிட்தான் பதினோரு வருஷமாக அந்தச் சபைக்கு வாக்குத்தத்த அட்டை எழுதுகிறவன். வருஷத்தின் முதல் ஆராதனையில் ஆளுக்கொரு அட்டை எடுப்பார்கள். அதிலுள்ள வசனமே அந்த வருஷத்துக்குக் கர்த்தர் கொடுக்கும் வாக்கு. கர்த்தருக்குக் கையெழுத்து கொஞ்சம் கோணல் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

"என் பெஞ்சாதி கையில வந்திருக்கு லாயிட்! ஏன் என்னைத் தள்ளிட்டீரு, ஏன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டீருன்னு கர்த்தர் சட்டையையே பிடிக்கிற வசனம்! முதல் நாளே!"

"பைபிள்ல இருக்கிறதுதான் சார்."

"யூதாஸ் நாண்டுகிட்டதும்தான் இருக்கு. எழுதுவியா?"

"அட்டையில இடம் பத்தாது சார்."

சொன்ன பிறகுதான் லாயிட் நாக்கைக் கடித்தான். நகைச்சுவை அவனுக்கு விக்கலைப் போல. வேண்டாத இடத்தில்தான் வரும். அக்டோபரில் மனைவி கேத்தரினைப் புதைத்த அன்றும் வந்தது. அன்று கைகுலுக்கிய அத்தனை பேரும், "ஸ்தோத்திரம் சொல்லுங்க பிரதர்" என்றார்கள். மனசில்லாமல் சொன்னான். அதனால் இந்த வருஷம் இருநூற்று முப்பத்தொன்பது இனிப்பு வசனங்களோடு தனக்கென்று ஒரு கசப்பும் எழுதி, கடைசியில் எடுத்துக்கொள்ளலாமென்று தட்டின் அடியில் செருகி வைத்தான். தாமதமாக வந்த செயலாளர் மனைவி லவினா அடியிலேயே கையை விட்டாள்.

டெஸ்மண்ட் ஒரு தாளை நீட்டினார். அடுத்த ஞாயிறு சபை முன்னால் வாசிக்க வேண்டிய மன்னிப்பு. 'விசுவாசக் குறைவினால் செய்த பிழை' என்று இருந்தது. "கையெழுத்துப் போடு. இல்லன்னா பாட்டுக் குழுவுல உனக்கு இடம் இல்ல."

"பிழைன்னா போடுறேன் சார். விசுவாசக் குறைவுன்னா மாட்டேன். மூணு மாசமா கர்த்தர்கிட்ட தினம் சண்டை. இல்லாத ஆள்கிட்ட எவனாவது சண்டை போடுவானா?"

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, கொஞ்சம்தானே" என்றார் போதகர், கேக்கை மென்றபடி.

கதவைத் திறந்து லவினா வந்தாள்.

"அட்டையைக் குடு. கிழிச்சுப் போட்டு ஜெபம் பண்ணிடலாம்" என்றார் டெஸ்மண்ட்.

"குடுக்க மாட்டேன். எபி செத்த மறுவாரமே என்னை மைக் முன்னாடி நிறுத்தி, கர்த்தர் நல்லவர்னு சாட்சி சொல்ல வச்சீங்க. ஆறு வருஷமா ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ஒருநாளாவது அவரை ஏன்னு கேக்க விட்டீங்களா?"

எபி அவர்களுடைய ஒரே பையன். பொம்மனஹள்ளியில் லாரி மோதியது.

டெஸ்மண்ட் அட்டையைப் பிடுங்கினார். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் 'எபி' என்று எழுதியிருந்தாள் லவினா.

"கிழிங்க" என்றாள் லவினா.

அவர் கிழிக்கவில்லை. அட்டையை மேஜையில் வீசிவிட்டு லாயிட் மேல் பாய்ந்தார். "அடுத்த வருஷம் அட்டை மெட்ராஸ்லேர்ந்து அச்சாகி வரும். நீ பேனாவைத் தொடாத!"

லவினா அட்டையை எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குன்னு எழுதினதா தம்பி? திருப்பித் தர மாட்டேன். வேற எழுதிக்குங்க."

வாசல்வரை போன டெஸ்மண்ட், திரும்பாமலே கேட்டார்: "எத்தனாவது சங்கீதம் அது?"

"எண்பத்தெட்டு சார்."

"முடிவுலயாவது ஸ்தோத்திரம் வருதா?"

"இல்ல சார். இருட்டுலயே முடியுது."

டெஸ்மண்ட் கதவை உள்ளேயிருந்தபடியே சாத்தினார். நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"முழுசா படி" என்றார், அடிக்கப்போகிற குரலில்.