பேச்சியம்மாள் இன்னும் பிறக்கவில்லை

1

வாசக அன்பர்களே, முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். இது என் முதல் கதை. போச்சம்பள்ளிக்குச் செல்லும் பேருந்தில் எனக்குப் பின்னிருக்கையில் ஒரு பெண், "கம்ப்யூட்டரு என்னைய இன்னும் பொறக்கலன்னு சொல்லிருச்சுக்கா" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆனால் மேனி சிலிர்த்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் மட்டுமே அவளுடையது. இனி வரும் தொழிற்சாலை, மனிதர்கள், பிழை எல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'காலைக் கதிரவன் கிருஷ்ணகிரி மலைகளின் மீது தன் பொற்' — மன்னிக்கவும். கதிரவனுக்கும் கணினிப் பிழைக்கும் தொடர்பில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'காவியா அறிவுக்கூர்மை மிக்க' — இதுவும் வேண்டாம். கூர்மை இருந்தால் தானே தெரிந்துவிடும்.

3

பைகள் தைக்கும் அந்தத் தொழிற்சாலையின் வாயில் அறையில், கணினிகளைப் பராமரிக்கும் காவியா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே, உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள் ஒரு பையோடும் சுருட்டிய பாயோடும் நின்றாள். பிறந்த ஆண்டு 2004. தையல் பிரிவில் வேலை உறுதியாகியிருந்தது. மதியச் சங்கு ஊதுவதற்குள் பதிவு முடியாவிட்டால் அந்த இடம் காத்திருப்போரில் அடுத்தவருக்குப் போய்விடும். விடுதிக் கட்டிலும் கூடவே போய்விடும். ஊரில் பார்த்த மில் வேலையை அவள் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

திரையில் சிவப்பு எழுத்து: வயது போதாது. வயது: -1890.

காவலர் கோவிந்தப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? மெஷினு உன்ன இன்னும் பொறக்கவே இல்லன்னுது. போயி பொறந்துட்டு வா!"

"பொறக்காமயா அண்ணே விடிய விடிய பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன்? காலு வீங்கிப்போச்சு, பாருங்க."

"நீங்க சும்மா இருங்கண்ணா," என்றாள் காவியா. "நான் பாக்கறன்."

4

(இவ்விடத்தில் ஒன்றைப் பணிவுடன் தெரிவிக்க வேண்டும். முதல் வரைவில் காவியா ஒரே வரியில் பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆகவே அவளைச் சற்று அலைய விட்டிருக்கிறேன்.)

நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இத்தகைய கணினிகளுக்கு அது சளி பிடிப்பது போல. மாற்றிப் போட்டாள். வயது அசையவில்லை. கணினியை அணைத்து எழுப்பினாள். அசையவில்லை. பேச்சியம்மாளை விட்டுவிட்டுக் கோவிந்தப்பனின் விவரத்தை இட்டுப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்களும் பொறக்கலையாம்."

"அய்யய்யோ! அப்ப எம் பொண்ணு கல்யாணம்?"

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவியா சிரிக்கவில்லை. பிழை இந்தப் பெண்ணின் விவரத்தில் இல்லை. கணினி 'இன்று' என்று நம்பும் நாளில் இருக்கிறது. அவள் பார்வை திரையின் கீழ் மூலைக்கு, யாரும் கவனிக்காத அந்தச் சிறிய கடிகாரத்துக்கு ஓடியது. நாள் சரி. மாதம் சரி. ஆண்டு: 114.

"கெடச்சிருச்சு!" என்று கத்தியே விட்டாள். (எழுதும்போது நானும் கத்தினேன். பக்கத்து வீட்டார் விசாரித்தார்கள்.)

5

அடிக்குறிப்பு போன்ற ஒன்று: தைவானில் தம் குடியரசு பிறந்த ஆண்டை ஒன்று என வைத்து எண்ணும் வழக்கம் உண்டு. நமது 2025 அங்கே 114. சென்ற வாரம் வந்த தைவான் பொறியாளர், தைவானுக்குப் போகும் பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளைத் தம் நாட்டு முறையில் அச்சிட இந்தக் கணினியின் நாட்காட்டியை மாற்றியிருந்தார். அதன் பின் புதிதாக வேலைக்கு வந்த முதல் ஆள் பேச்சியம்மாள்தான். அவர் செய்ததில் தவறில்லை. ஆனால் 114இலிருந்து 2004ஐக் கழித்தால் எவரும் பிறந்திருக்க இயலாது.

6

முடிவு அ: பிறந்த ஆண்டையும் அதே கணக்குக்கு மாற்றி 93 என்று இட்டால் வயது இருபத்தொன்று. கதவு திறக்கும். காவியாவின் விரல் ஒன்பதை அழுத்தியும்விட்டது. பிறகு யோசித்தாள்: இந்தப் பதிவுதான் வைப்புநிதிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போகும். இன்று பிறக்காதவள், நாளை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயதைத் தாண்டியவளாகி எத்தனை அலுவலகப் படிகள் ஏறுவாள்? ஒன்பதை அழித்தாள்.

முடிவு ஆ: சங்கு ஊதிவிடுகிறது. பேச்சியம்மாள் பாயை எடுத்துக்கொண்டு, கண்ணீர் — இல்லை. என்னால் இயலாது. நடுவில் நிறுத்தியதற்கு மன்னியுங்கள்.

7

நாட்காட்டியை மாற்றினால் சீட்டு அச்சிடுவது நின்றுவிடும்; லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. காவியா சரக்குப் பகுதியின் அசோக்குமாரை அழைத்தாள்.

"அண்ணா, கொஞ்ச நேரம் சீட்டு அடிக்காதீங்க."

"வெளாடறியா? டிரைவர் என்னக் கடிச்சித் துப்பிடுவான்."

"துப்பட்டும்ணா. இங்க ஒரு பொண்ணு பொறக்க முடியாம நிக்கறா."

மறுமுனையில் அசோக்குமார் பதறினார்: "யாருக்கு, பிரசவமா? ஆம்புலன்ஸ் சொல்லட்டா?"

"வேணாண்ணா. மெஷின நிறுத்துங்க, போதும்!"

அச்சுப்பொறி ஓய்ந்தது. காவியா நாட்காட்டியை மாற்றினாள். கடிகாரம் நம் ஆண்டுக்குத் திரும்பியது. கோவிந்தப்பன் சங்கின் பொத்தானருகே கையை வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பார்த்தார். ஊத வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவர் ஊதவில்லை.

"எங்கிட்ட ஏது நேரம்? நாந்தான் இன்னும் பொறக்கவே இல்லியே," என்றார்.

பேச்சியம்மாள் விரலைச் சேலையில் துடைத்து, கைரேகைக் கருவியின் மீது வைத்தாள். "அக்கா, இந்தத் தடவ பொறந்துருவேனா?"

8

வயதுக் கட்டம் காலியாக இருக்கிறது. அந்த எண்ணை நான் எழுதப் போவதில்லை. அவள் பிறந்த ஆண்டு உங்களுக்குத் தெரியும். இதை நீங்கள் வாசிக்கும் ஆண்டோ எனக்குத் தெரியாது. உங்கள் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து, அருள்கூர்ந்து, கழித்துச் சொல்லுங்கள். சற்று விரைவாக. கோவிந்தப்பனால் வெகுநேரம் கையை அப்படியே வைத்திருக்க முடியாது.