மார்க்கர் வேலை

அரியலூர் ஆபீசர்கள் கிளப்பில் டென்னிஸ் மார்க்கர் வேலை காலியாக இருந்தது. சம்பளத்துக்கு மெம்பர்களோடு ஆடுகிற ஆள்தான் மார்க்கர். அந்த வேலைக்காகவே பாலசுந்தரம் நான்கு வருஷம் கிளப் சுவரில் பந்தடித்துப் பழகியிருந்தான்.

போட்டிக்கு வந்த கீழப்பழுவூர்க் கண்ணையன் மட்டையைத் தொட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சோளக்கொல்லையில் கவண் சுழற்றிக் கிளி விரட்டிய கை அவனுக்கு. கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்குவான். பந்து எந்தப் பக்கம் போகுமென்று எதிராளிக்குத் தெரியாது.

ஆறுக்குப் பூஜ்யம் என்று கண்ணையன் பாலசுந்தரத்தை ஜெயித்தான்.

"இருங்கப்பா, என்னோட ஆடுங்க பாப்போம்" என்று, ஆளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்த கிளப் மெம்பர் தாசில்தார் தொந்தியோடு இறங்கினார்.

கண்ணையன் அடித்ததில் ஒன்றைக்கூட அவரால் தொட முடியவில்லை. "ஏய்யா, நான் ஆட வந்தேனா, வேடிக்கை பாக்க வந்தேனா?" என்றார்.

அடுத்து பாலசுந்தரம். சுவரோடு ஆடுகிறவன் பந்து தன்னிடமே திரும்பும்படி அளந்து அடிக்க வேண்டும். தப்பினால் ஓடிப் பொறுக்க வேண்டும். அந்த அளவிலேயே ஒவ்வொரு பந்தையும் அவர் இடுப்புயரத்தில், மட்டைக்கு நேராகக் கொடுத்தான். தாசில்தார் தொடர்ந்து பதினெட்டு முறை அடித்தார்.

"அடடே, நான்கூட ஆடுறேனே!"

வேலை பாலசுந்தரத்துக்குக் கிடைத்தது.

வெளியே கண்ணையன் கேட்டான்: "எப்படிண்ணே ஒரே எடத்துல போடுறீங்க?"

"அதச் சொல்லித் தரலாம். நீ எப்படிடா சொடுக்குறே?"

"தெரியலையேண்ணே. கை தானாப் பண்ணுது."

பாலசுந்தரம் வேலை கிடைத்த சந்தோஷத்திலும் அந்தக் கையையே பார்த்தான்.

"நாளைக்கும் வாடா" என்றான்.