பசையின் பதம்

கல்லில் எழுத்து வெட்டுகிறவர் மச்சான். வெட்டிய எழுத்தில் தங்கம் ஒட்டுகிறவன் அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. ஒரே பட்டறை, ஆனால் எட்டு மாதமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. இன்று மேசைமேல் கிடந்தது அவளுடைய கல்லறைக் கல்.

அவள் பெயர், இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை. அவ்வளவுதான் வெட்டியிருந்தார். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அதில் இடமில்லை. கீழே ஒரு சாண் வெறுங்கல் சும்மா கிடந்தது.

"ஒரு வரி மச்சான். என் மனைவின்னு வெட்டிக் குடுங்க."

"வெட்டினத ஒட்டுங்க, போதும்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவள் இறந்த அன்று இவன் நீதிமன்றச் சுவரில் சாரத்தின்மேல் நின்றபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "உங்களத்தான் கேக்குறா, உடனே வாங்க." எழுத்துக்குள் தடவிய பசை அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது. விரல் முட்டியை வைத்தால் லேசாகப் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் தங்கத்தாளை ஒட்டிவிட வேண்டும். இன்னும் பதினோரு எழுத்துதானே என்று நின்றுவிட்டான், படுபாவி. போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தை மூடியிருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் "பசை காத்திருக்காது" என்று சொன்னான். தங்க வேலை மச்சானுக்குத் தெரியாது. இவனும் ஒருநாளும் பசையைக் காயவிட்டதில்லை. ஒருவேளை நிஜமோ என்று அவருக்கும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது.

இப்போது அவள் பெயருக்குப் பசை தடவிவிட்டு உட்கார்ந்தான். பதம் வந்தது. தாளை எடுத்தான். பெயரின்மேலேயே குனிந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது ஓய்வதற்குள் பசை காய்ந்துவிட்டது.

மச்சான் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனசு கேட்கவில்லை. பென்சிலும் அளவுகோலும் எடுத்து வந்து வெறுங்கல்லில் ஒரு வரிக்குக் கோடு போட்டார்.

"பசை காஞ்சிருச்சே மாப்ள. கல்லு வீணாப் போச்சா?"

அந்தக் கோட்டைப் பார்த்த சந்தோஷத்தில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான். மேல இன்னொரு பூச்சு குடுத்தா ஆச்சு. நாளைக்கு ஒட்டிக்கலாம்."

பென்சில் அப்படியே நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் மச்சான்.

மச்சான் ஈரத்துணியை எடுத்து, போட்ட கோட்டை அழுத்தித் துடைத்தார்.